சொகுசு என்னும் சொல்

நம் முன்னாள் மாணவி ஒருத்தி சென்ற தை மாதம் சென்னையில் வீடு மாறினாள். தேவனூர் நாட்டுப் பெண். நாம் பிறந்ததும் அந்நாட்டில்தான். இளநிலைக் கணினி அறிவியல் படித்தபோது பகுதி ஒன்று தமிழுக்கு நம் வகுப்பில் அமர்ந்தவள். இப்போது பழைய மாமல்லபுரம் சாலையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் பணிபுரிகிறாள். ஒரு கருத்தரங்கின் பொருட்டு நாம் சென்னை சென்றபோது, "ஐயா, நம்ம வீட்டுக்கு வந்துட்டுத்தான் போகணும்" என்று தொலைபேசியில் வற்புறுத்தினாள். அதற்கு முன்பே அவளுடைய தந்தையார் மலையில் நம்மைப் பார்த்து, "வாத்தியாரே, மாசம் இருபத்தாறாயிரம் வாடகையாம். ஒரே ஒரு படுக்கையறை. நீங்களாவது புத்தி சொல்லுங்க" என்று சொல்லியிருந்தார். ஆகவே விருந்தினராகப் போகிறோமா, தூதராகப் போகிறோமா என்ற ஐயத்தோடுதான் சென்றோம்.

பதினான்காம் மாடி. வாயிலில் காவலாளி நம் பெயரைக் கைக்கருவியில் பதிந்து, மேலே கேட்டு, ஒப்புதல் பெற்றபின் உள்ளே விட்டார். லிப்டில் முகம் பார்க்கும் கண்ணாடி. வீட்டுக்குள் ஒரு கூடம், அதன் ஓரத்திலேயே சமையல் மேடை, ஓர் அறை, ஒரு குளியலறை, ஒருவர் நாற்காலி போட்டு அமரும் அளவுக்கு ஒரு பால்கனி. விளம்பரத்தில் இதற்கு 610 சதுர அடி என்று போட்டிருந்தார்களாம். உரைநடை ஆசிரியனுக்கு எதையும் எண்ணிப் பார்க்கும் பழக்கம் போகாது. காலால் அடி போட்டு அளந்தோம். சுவருக்குள் 420 சதுர அடிக்கு மேல் தேறவில்லை. மீதி எங்கே என்றால், படிக்கட்டிலும் லிப்டிலும் நடைவழியிலும் கீழேயுள்ள நீச்சல் குளத்திலும் அவளுக்குப் பங்கு உண்டாம். வீடு விற்போர் சுவருக்குள் உள்ள பரப்பைச் சொல்லியாக வேண்டும் என்று 2016ஆம் ஆண்டு வந்த மனை வணிக ஒழுங்குமுறைச் சட்டம் விதித்தது. வாடகைக்கு விடுவோரை அந்த விதி தொடுவதில்லை. நீந்தத் தெரியாத பெண், நீச்சல் குளத்தின் ஒரு மூலைக்கு மாதந்தோறும் வாடகை கொடுத்துக்கொண்டிருக்கிறாள்.

வாடகை 26,000 ரூபாய், பராமரிப்பு 3,500, ஆறு மாத வாடகை முன்பணம். அதாவது 1,56,000 ரூபாய். அந்த முன்பணத்தில் பெரும்பகுதி மலையிலிருந்து போனது. சில்வர் ஓக் மரங்களில் ஏறிய மிளகுக் கொடிகளின் இரண்டு ஆண்டு விளைச்சல் அது. கொடி நட்டு, காய்க்கக் காத்திருந்து, ஏணி வைத்துப் பறித்து, வாசலில் பாய் விரித்துக் காயவைத்த பணம் ஒருவருடைய வங்கிக் கணக்கில் வட்டியின்றி உறங்குகிறது. இதையெல்லாம் மனத்தில் வைத்துக்கொண்டுதான் "ஏனம்மா இவ்வளவு ஆடம்பரம்?" என்று கேட்டோம்.

அவள் சிரித்தாள். "ஐயா, இதுக்கு முன்னாடி பதினொரு வீடு பார்த்தேன்" என்றாள்.

அந்தப் பதினொரு வீடுகளின் கதையைக் கேட்டபின் நம் தூது அங்கேயே முடிந்துபோயிற்று. அவற்றில் பெரும்பாலானவை தெருக்களில் உள்ள சாதாரண வீடுகள். வாடகை 15,000 அளவில். முன்பணம் மட்டும் சென்னை வழக்கப்படி பத்து மாதம். பணம் ஒரு சிக்கலாக இருக்கவில்லை. தனியாக இருக்கும் பெண்ணுக்கு வீடில்லை என்று சிலர் நேராகவே சொல்லிவிட்டனர். கறி மீன் சமைப்பீர்களா என்று கேட்டுக் கதவைச் சாத்தியவர் சிலர். மற்றவர்கள் ஒரே கேள்வியைப் பல விதமாகக் கேட்டார்கள். "சொந்த ஊர் எது?", "அங்கே நீங்க எந்தப் பக்கம்?", "அப்பா பேருக்குப் பின்னாடி என்ன போடுவாங்க?" எல்லாக் கேள்விகளும் ஒரே கிணற்றில் இறங்கும் கயிறுகள்.

ஒரு வீட்டில் அவள் "மலையாளி" என்று சொல்லியிருக்கிறாள். கொல்லிமலை, சேர்வராயன், பச்சைமலை வாழும் பழங்குடியினருக்கு அரசு ஆவணங்களில் உள்ள பெயர் அதுவே. மலையை ஆள்வோர் என்று நம் பெரியவர்கள் பொருள் சொல்வார்கள். வீட்டுக்கார அம்மையார் முகம் மலர்ந்து, "கேரளாவா? தமிழ் நல்லாப் பேசுறியே!" என்று உபசரித்துக் காப்பியும் கொடுத்திருக்கிறார். காப்பியைக் குடித்து முடிப்பதற்குள் இவள் உள்ளதை உள்ளபடி விளக்கிவிட்டாள். கொல்லிமலை, பழங்குடி, சாதிச் சான்றிதழ் எல்லாம். "அப்படியா... எங்க சொந்தக்காரங்களே கேட்டுக்கிட்டு இருக்காங்கம்மா, சொல்லி அனுப்புறேன்" என்று விடைகொடுத்தாராம். அந்த வீட்டின் 'டு லெட்' பலகை அடுத்த மாதமும் அங்கேயே தொங்கியதைத் தன் அலுவலகப் பேருந்திலிருந்து பார்த்ததாகச் சொன்னாள்.

பன்னிரண்டாவதாகப் பார்த்த வீடுதான் இந்தச் சொகுசு வீடு. உரிமையாளர் வெளிநாட்டில் இருக்கிறார். அவருக்காக ஒரு நிறுவனம் நிர்வகிக்கிறது. நிறுவனத்து இளைஞர் மூன்று மாதச் சம்பளச் சீட்டு, ஆதார், பான் அட்டை, அலுவலக அடையாள அட்டை ஆகியவற்றைக் கேட்டார். வேறொன்றும் கேட்கவில்லை. அரை மணி நேரத்தில் வேலை முடிந்துவிட்டது.

பராமரிப்பையும் சேர்த்தால் மாதம் 29,500 ரூபாய். தெரு வீட்டுக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு 14,500. நாம் அந்த 14,500 ரூபாயை நீச்சல் குளத்துக்கும் கண்ணாடி லிப்டுக்கும் உரியதென்று கணக்குப் போட்டு வந்திருந்தோம். அவள் கணக்கு வேறு. அந்த ஒரு கேள்வியைக் கேட்காமல் இருப்பதற்கு அவள் செலுத்தும் கட்டணம் அது. நாம் ஆடம்பரம் என்று நினைத்ததன் பெயர் மானம்.

இங்கே நம்மைப் பற்றிய ஓர் உண்மையைச் சொல்லாமல் இக்கட்டுரையைத் தொடர்வது நேர்மையாகாது. முதுகலை படித்த நாள்களில் திருவல்லிக்கேணி மேன்ஷன் ஒன்றில் ஓர் அறையில் மூவராகக் கிடந்தோம். மேன்ஷனில் யாரும் யாரையும் கேட்பதில்லை. வாடகை தவறாமல் வந்தால் சரி. பின்னர்க் கல்லூரி வேலை கிடைத்து, சமவெளி ஊர் ஒன்றில் குடும்பத்தோடு வீடு தேடியபோது அந்தக் கேள்வி வந்தது. எங்கள் மக்கள் தங்களை மலைக்கவுண்டர் என்று சொல்லிக்கொள்வது வழக்கம். நாம் அந்தச் சொல்லின் முற்பாதியை விழுங்கிவிட்டுப் பிற்பாதியை மட்டும் சொன்னோம். வீட்டுக்காரர் தமக்கு வேண்டிய பொருளை எடுத்துக்கொண்டார். வீடு கிடைத்தது. பொய் சொல்லவில்லை என்று அன்று மனத்தைத் தேற்றிக்கொண்டோம். ஆறு ஆண்டுகள் அவ்வீட்டில் குடியிருந்தோம். அந்த ஆறு ஆண்டுகளும் மலையிலிருந்து உறவினர் வரும்போதெல்லாம், அவர்கள் வாசலில் உரக்கப் பேசிவிடக் கூடாதே என்று அஞ்சினோம். தாயார் ஒருமுறை சாமை அரிசியும் பலாச்சுளையும் கொண்டுவந்தபோது, வீட்டுக்காரருக்குக் கொடுக்க எடுத்ததைத் தடுத்துவிட்டோம். ஏன் என்று அவர் கேட்கவில்லை. எட்டு எழுத்தில் மூன்றை விழுங்கியதற்கு நாம் கொடுத்த வாடகை அது. நம் மாணவி எழுத்தை விழுங்கவில்லை, பணத்தைக் கொடுத்தாள். இருவரில் யார் ஊதாரி என்று நமக்குத் தெளிவாகவே தெரிகிறது.

சட்டம் இதில் என்ன சொல்கிறது என்று பார்த்தோம். வாடகைக் கட்டுப்பாடு நம் மாநிலத்துக்குப் புதிதன்று. 1960ஆம் ஆண்டுச் சட்டம் அரை நூற்றாண்டுக்கும் மேலாக நடைமுறையில் இருந்தது. அது நீக்கப்பட்டு, 2017இல் இயற்றிய வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறைக்கு வந்தது. புதிய சட்டத்தில் நல்ல கூறுகள் உண்டு. ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிவாக வேண்டும். வீட்டைப் பார்வையிட வரும் உரிமையாளர் ஒரு நாள் முன்பே எழுத்தில் தெரிவிக்க வேண்டும். தகராறு என்றால் தண்ணீரையும் மின்சாரத்தையும் துண்டிக்கக் கூடாது. முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேற்படலாகாது. ஆனால் அந்தக் கடைசி விதிக்கு முன்னால் ஒரு சிறு தொடர் நிற்கிறது. வேறுவிதமாக உடன்படிக்கை இல்லாதவிடத்து, என்பது அதன் பொருள். வீடு தேவைப்படுபவர் எதற்குத்தான் உடன்படமாட்டார்? பத்து மாதம், ஆறு மாதம் எல்லாம் அந்தச் சிறு தொடரின் வழியாகவே உள்ளே நுழைகின்றன. இலக்கணம் படித்தவர்களுக்கு இதில் வியப்பில்லை. ஓர் இடைச்சொல் வாக்கியத்தின் பொருளையே மாற்றிவிடும் என்று தினமும் வகுப்பில் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

கேள்வியைப் பற்றியோ அச்சட்டம் மூச்சு விடவில்லை. கடைகள், உணவகங்கள், கிணறுகள், குளங்கள், சாலைகள் ஆகியவற்றில் சாதியால் ஒருவரைத் தடுக்கக் கூடாது என்று அரசமைப்பின் 15ஆம் பிரிவு கூறுகிறது. தனியார் வாடகை வீட்டின் கதவு அந்தப் பட்டியலில் வெளிப்படையாக இல்லை. டெல்லியைச் சுற்றியுள்ள நகரங்களில் வாடகை வீடு தேடுவோரிடம் சாதியும் மதமும் எவ்வாறு பார்க்கப்படுகின்றன என்று சுகதேவ் தோரட்டும் பிறரும் ஆய்ந்து 2015இல் வெளியிட்டனர். ஒரே கல்வியும் ஒரே வருவாயும் உடையவர்கள், பெயர் மாறிய அளவில் வீடு மறுக்கப்படுவதை அந்த ஆய்வு காட்டியது. டெல்லி மட்டுமா அப்படி என்று கேட்டுக்கொள்ள நமக்குத் தகுதியில்லை.

வீட்டுக்காரர் பக்கத்தையும் பேசியாக வேண்டும். பழைய சட்டத்தின் காலத்தில் மிகக் குறைந்த வாடகையில் இரண்டு தலைமுறை குடியிருந்தவர்களைக் காலி செய்ய இயலாமல் நீதிமன்றம் நடந்தே ஓய்ந்த உரிமையாளர்கள் உண்டு. அந்த அச்சம் இன்னும் தெளியவில்லை. 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்போது நாட்டின் நகர்ப்புறங்களில் ஏறத்தாழ 1.1 கோடி வீடுகள் பூட்டிக் கிடந்தன. குடியிருக்க ஆளில்லாமல் அல்ல, விட்டால் திரும்பி வருமோ என்ற ஐயமும் அதற்கு ஒரு காரணம். பதினொரு மாத ஒப்பந்தம் என்ற விந்தையும் இத்தகையதே. ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்ய வேண்டும் என்ற 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்திலிருந்து தப்புவதற்கு நாட்காட்டியில் ஒரு மாதத்தைக் குறைத்துக்கொண்டோம். ஓய்வூதியமின்றி வாடகையை நம்பிப் பிழைக்கும் முதியவர்கள் முன்பணத்தைத் தம் பாதுகாப்பாகக் கருதுவதில் குற்றமில்லை. ஆனால் முன்பணம் சுவரையும் குழாயையும் காக்குமே தவிர, குடியிருப்பவரின் சாதியைக் கேட்பதால் எந்தச் சுவருக்கு என்ன பாதுகாப்பு?

நம் இலக்கியத்தில் வீடு தேடி வந்தவர்கள் உண்டு. கோவலனும் கண்ணகியும் மதுரைக்கு வந்தபோது அவர்களுக்கு ஊருக்குள் வீடில்லை. கோட்டைக்கு வெளியே புறஞ்சேரியில் நிற்கிறார்கள். கவுந்தியடிகள் சொன்ன ஒரு சொல்லை நம்பி, ஆயர்குலத்து மாதரி கண்ணகியை அழைத்துச் சென்று தங்க வீடும், துணைக்குத் தன் மகள் ஐயையையும், சமைக்கப் பொருள்களும் கொடுக்கிறாள். வணிகர் குலத்தாள் இடையர் சேரியில் இருக்கலாமா என்று யாரும் கேட்கவில்லை. அந்த வீட்டுக்கு முன்பணமும் இல்லை, பதினொரு மாதக் கெடுவும் இல்லை. மாதரி கொடுத்ததை அடைக்கலம் என்று நூல் பெயரிட்டது. கண்ணகியைக் காக்கத் தவறினோம் என்று மாதரி பின்னர்த் தீயில் பாய்ந்தாள் என்பதையும் நாம் படிக்கிறோம். வீடு கொடுத்தவளின் பொறுப்பு அந்த அளவுக்கு நீண்டது. அந்தப் பொறுப்பை இன்றைய வீட்டுக்காரரிடம் யாரும் எதிர்பார்க்கவில்லை. கேட்காமல் கதவைத் திறக்கும் அந்த முதல் செயலை மட்டுமே எதிர்பார்க்கிறோம்.

கொல்லிமலையில் ஒரு பழங்கதை வழங்குகிறது. எங்கள் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள். அண்ணன் தம்பியர் மூவர் ஆளுக்கொரு மலையாகப் பிரிந்து குடியேறினர். வரலாற்றாசிரியர் இதை எவ்வளவு ஏற்பார்களோ, பாட்டிமார்கள் இதை ஐயமின்றிச் சொல்வார்கள். நம் மாணவி குடியிருக்கும் சோழிங்கநல்லூர்ப் பகுதி 2018இல் சென்னையோடு சேரும்வரை காஞ்சிபுரம் மாவட்டத்தில்தான் இருந்தது. அப்படியானால், பல தலைமுறைகளுக்குப் பிறகு மூதாதையரின் மண்ணுக்குத் திரும்பிய பெண் அவள். பதினொரு கதவுகளில் "நீ எந்த ஊர்?" என்று அவளைக் கேட்டார்கள்.

சொகுசுக்கு உள்ள எல்லைகளும் பேசத்தக்கவை. அந்த அடுக்ககத்துக்குத் தண்ணீர் லாரியில் வருகிறது. 2019 கோடையில் ஏரிகள் வறண்டபோது அந்தச் சாலையிலுள்ள நிறுவனங்கள் சில, பணியாளர்களை வீட்டிலிருந்தே வேலை செய்யச் சொன்னதை மறந்திருக்கமாட்டோம். அசோகமித்திரனின் 'தண்ணீர்' 1973இல் நூலாக வந்தது. அதில் வரும் தெருவில் குடத்தோடு அலைந்தவர்களும் வாடகைக்குக் குடியிருந்தவர்கள்தாம். ஐம்பது ஆண்டுகளில் குடம் லாரியாகியிருக்கிறது. தேவனூர் நாட்டில் ஓடையிலிருந்து வாய்க்கால் வெட்டி வயலுக்கு நீர் கொண்டுபோகும் அவள் தந்தைக்கு, பதினான்காம் மாடியில் குழாயைத் திறக்கும்போது வருவது யாருடைய கிணற்று நீர் என்று கேட்கத் தோன்றும்.

அதைவிடப் பெரிய எல்லை ஒன்று உண்டு. இந்த விடுதலை சம்பளச் சீட்டு உள்ளவர்களுக்கு மட்டுமே. அதே சாலையில் எழும்பும் அடுத்த கோபுரத்தைக் கட்டுபவர்கள் தகரக் கொட்டகையில் படுக்கிறார்கள். மருத்துவமனைச் செவிலியாக, கடை ஊழியராக, வண்டி ஓட்டுநராக நகரத்துக்கு வரும் மலைப்பிள்ளைகள் 14,500 ரூபாயை மானத்துக்கென்று தனியே எடுத்துவைக்க முடியாது. அவர்கள் நம்மைப் போல எழுத்தை விழுங்க வேண்டும், அல்லது பத்துப் பேரோடு ஓர் அறையில் அடங்க வேண்டும். பணிபுரியும் மகளிருக்கென அரசு நடத்தும் தோழி விடுதிகள் 2023 முதல் பல ஊர்களில் திறக்கப்பட்டுள்ளன. நல்ல முயற்சி, பெருக வேண்டும். எனினும் விடுதி வேறு, வீடு வேறு. மலையிலிருந்து வரும் தாயைத் தன்னோடு பத்து நாள் வைத்துக்கொள்ள ஒரு பெண்ணுக்கு வீடுதான் வேண்டும்.

செய்யக்கூடியவை செயற்கரியன அல்ல. முன்பணத்துக்கு உச்சவரம்பு என்றால் அது உடன்படிக்கையால் மீற முடியாத வரம்பாக இருக்க வேண்டும். ஜெர்மனியில் மூன்று மாத அடிப்படை வாடகைக்கு மேல் வாங்க முடியாது. இங்கிலாந்தில் 2007 முதல் முன்பணத்தை அரசு ஒப்புதல் பெற்ற காப்புத் திட்டம் ஒன்றின் பாதுகாப்பில் வைத்தாக வேண்டும். சுண்ணாம்பு அடித்தோம், குழாய் மாற்றினோம் என்று வீட்டுக்காரர் தம் விருப்பப்படி பிடித்துக்கொள்ள அங்கே வழியில்லை. தகராறு என்றால் நடுவர் பார்ப்பார். நம்மிடம் பதிவுக்கு இணையதளமே இருக்கும்போது இதற்கும் ஒரு கணக்கு ஏற்படுத்த இயலாதா? அதோடு, சாதியையோ மதத்தையோ உணவையோ காரணம் காட்டி வாடகை வீடு மறுப்பது குற்றம் என்று வாடகைச் சட்டத்திலேயே ஒரு வரி சேர வேண்டும். ஒரு வரி சட்டத்தால் மனம் மாறிவிடுமா என்று கேட்பார்கள். மனம் மாறும்வரை கதவாவது திறக்கட்டும்.

சட்டம் வரும்வரை நாம் என்ன செய்கிறோம் என்பதும் உண்டு. கடன் வாங்கிக் கட்டிய நம் வீட்டின் மாடிப் பகுதியை வாடகைக்கு விட்டிருக்கிறோம். முதன்முதலில் குடிவர ஒருவர் வந்தபோது நம் வாயிலிருந்து வந்த முதல் கேள்வி, "நீங்க எந்தப் பக்கம்?" என்பதே. கேட்டபின் நாக்கைக் கடித்துக்கொண்டோம். ஆனாலும் கேட்டோம். விழுங்கியவனும் கேட்கிறான் என்றால் இந்நோய் எவ்வளவு ஆழம் என்று எண்ணிப் பாருங்கள். இப்போது மாடி மீண்டும் காலியாகிறது. இம்முறை மூன்று மாத முன்பணம், எழுதிய ஒப்பந்தம், பதிவு. கேட்கப்போவது எத்தனை பேர், எப்போது வருகிறீர்கள் என்ற இரண்டு மட்டும்.

விடைபெறும்போது நம் மாணவி ஒரு செய்தி சொன்னாள். பொங்கலுக்கு அவள் தாய் வந்து ஒரு வாரம் தங்கினாராம். பால்கனியில் அமர்ந்து கீழே பார்த்துக்கொண்டே இருந்தவர், மூன்றாம் நாள், "இங்கே யாருமே எதுவுமே கேட்கமாட்டேங்கிறாங்களே" என்றாராம். எதிர்வீட்டுக் கதவு திறந்து மூடியதைத் தவிர அவ்வீட்டாரின் முகத்தை அவர் பார்க்கவில்லை. மலையிலிருந்து கொண்டுவந்த வாழைத்தாரில் பாதி, கொடுக்க ஆளில்லாமல் கறுத்துப்போயிற்று. கேள்வி இல்லாத வீடு கிடைத்தது. ஆனால் "சாப்பிட்டாயா?" என்ற கேள்வியும் அதோடு போய்விட்டது. இரண்டையும் பிரித்து எடுக்கத் தெரிந்த தெரு ஒன்று சென்னையில் இருந்தால் சொல்லுங்கள். பதினொரு மாதம் முடிந்ததும் அவள் அங்கே மாறிக்கொள்ளத் தயாராக இருக்கிறாள்.